19 ஃபைல், மூன்று விதப் பூட்டு, ஒரே ஒரு புத்தகம்... தாத்தாவின் ஊர்க்கதை ஒன்று சேர்ந்தது எப்படி?

"அப்பா, இதுக்கு என்ன பாஸ்வேர்டு போட்டீங்க?"

தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் தினமும் கேட்ட கேள்வி இது. கும்பகோணம் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் இருக்கிறது அந்தக் கிராமம். கேட்பவர், திருச்சியில் வேலை பார்க்கும் மகள். பதில் சொல்ல வேண்டியவர், எண்பதைத் தொடப்போகும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊருக்கே அவர் 'சார்'தான். போன வருடம் பக்கவாதம் வந்து மீண்ட பிறகு பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய விஷயங்கள் அச்சு அசலாக நினைவில் இருக்கின்றன. சமீபத்திய விஷயங்கள்தான் நழுவிவிடுகின்றன. பாஸ்வேர்டுகள் அந்த நழுவியவற்றில் சேர்ந்துவிட்டன.

விஷயம் இதுதான். பணி ஓய்வுக்குப் பிறகு சார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, சொந்த ஊரின் கதையை எழுதத் தொடங்கினார். கோயில் குளம், பள்ளிக்கூடம், ஊருக்கு முதன்முதலில் பஸ் வந்த நாள், வெள்ளம், புயல், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காருவார்கள் என்பது வரை எழுதினார். பத்து வருடங்களுக்கும் மேலாக, ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி வேர்டு ஃபைலாக. மொத்தம் 19. தை மாதம் சதாபிஷேகம். அன்றைக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு இந்தப் புத்தகத்தையும் கொடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அச்சகத்தில் கேட்டபோது, "ஒரே ஃபைலா கொண்டு வாங்க, பி.டி.எஃப். போட்டுடலாம்" என்றார்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. கடைக்குப் போனார் மகள். கடைக்காரர் முதல் ஃபைலைத் திறந்தார். வந்தது. இரண்டாவதும் வந்தது. ஐந்தாவது திறந்தது, ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்றவிடவில்லை. ஒன்பதாவது ஃபைல், பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

"அக்கா, சார் எல்லாத்துக்கும் பூட்டு போட்டிருக்காரு. அதுவும் வேற வேற பூட்டு!"

ஏன் பூட்டினார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பேரன் சின்ன வயதில் தாத்தாவின் கம்ப்யூட்டரில் விளையாடி, ஓர் அத்தியாயம் முழுவதையும் அழித்து, அதன் மேல் தன் பெயரை நாலு பக்கத்துக்கு அடித்து, சமர்த்தாக சேவும் செய்துவிட்டான். அன்றிலிருந்து சார் எழுதி முடித்த ஃபைலை எல்லாம் பூட்டத் தொடங்கினார். யாரோ சொல்லிக்கொடுத்த வழியில் 'ஃபைல்' மெனுவுக்குள் 'இன்ஃபோ' போய், 'புரொடெக்ட் டாக்குமென்ட்' என்பதை அழுத்துவார். அங்கே வரும் பட்டியலில் ஒருநாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், இன்னொரு நாள் இன்னொன்றை. அவரைப் பொறுத்தவரை எல்லாம் பூட்டுதானே?

எல்லாம் பூட்டுதான். ஆனால் ஒன்று தாழ்ப்பாள், இன்னொன்று இரும்புப் பெட்டி.

முதலில் தரம் பிரிக்க வேண்டும்

டி.டி.பி. கடைக்காரர் செய்த முதல் நல்ல காரியம், எதையும் ஒட்ட ஆரம்பிக்காமல் 19 ஃபைலையும் தனி ஃபோல்டரில் நகல் எடுத்துக்கொண்டது. மூலத்தை அதன் பிறகு யாரும் தொடவில்லை. அடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தரம் பிரித்தார். பூட்டே இல்லாதவை நாலு. திறக்கும், ஆனால் திருத்த முடியாது என்பவை எட்டு. பாஸ்வேர்டு இல்லாவிட்டால் 'படிக்க மட்டும்' என்று திறப்பது ஒன்று. பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கவே திறக்காதவை ஆறு.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பூட்டிய ஃபைல்கள் இருந்தால், பயப்படுவதற்கு முன்னால் இந்தப் பாகுபாட்டைச் செய்துவிடுங்கள். ஏனென்றால், பார்க்கப் பூட்டுபோலத் தெரியும் பலவற்றில் உண்மையில் பூட்டு கிடையாது.

'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' என்ற வசதியால் பூட்டியவைதான் அந்த எட்டும். யாரும் தவறிப்போய் கைவைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதை ரகசியம் காக்கும் பாதுகாப்பு வசதியாக நினைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் விளக்கத்தில் சொல்கிறது. பாஸ்வேர்டு தெரிந்தால் 'ரிவ்யூ' மெனுவில் உள்ள 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போய், 'ஸ்டாப் புரொடெக்‌ஷன்' கொடுத்தால் போதும். தெரியாவிட்டால்? எட்டில் ஐந்து ஃபைல்களில் எழுத்தை மாற்ற முடியவில்லையே தவிர, முழுவதையும் தேர்வு செய்து காப்பி எடுக்க முடிந்தது. மற்ற மூன்றில் சார் பட்டியலில் 'ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ்' என்பதை அழுத்தியிருக்கிறார். விண்ணப்பப் படிவங்களுக்கான பூட்டு அது. கோடிட்ட இடத்தை நிரப்பலாம், மற்றதைத் தேர்வு செய்யக்கூட விடாது. சாரின் அத்தியாயத்தில் கோடிட்ட இடமே இல்லை. ஆக, கர்சர் எங்கும் போய் நிற்கவில்லை.

இதற்கு வேர்டிலேயே ஒரு வழி இருக்கிறது. புதிதாக ஒரு வெற்று டாக்குமென்ட்டைத் திறக்க வேண்டும். 'இன்சர்ட்' மெனுவில் 'ஆப்ஜெக்ட்' என்பதன் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' வரும். அதில் பூட்டிய ஃபைலைக் காட்டினால், உள்ளே இருக்கும் எழுத்து புதிய டாக்குமென்ட்டுக்கு வந்துவிடும். திருத்தத் தடை பழைய ஃபைலிலேயே தங்கிவிடும். பல ஃபைல்களை ஒன்றாக்கவும் இதே கட்டளைதான். ஒரே நேரத்தில் பலவற்றைத் தேர்வு செய்தும் சேர்க்கலாம். ஆனால் வரிசை மாறிப்போனால் தேடிக் கண்டுபிடிப்பது தலைவலி. 19 ஃபைல் என்றால், ஒன்று ஒன்றாகச் சேர்ப்பதே நிம்மதி.

இந்த வழியை அடுத்தவர் ஃபைலில் காட்டிவிடாதீர்கள். அலுவலக ஒப்பந்தம், டெண்டர் படிவம் போன்றவற்றில் திருத்தத் தடை போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பூட்டை எடுக்கச் சொல்லி அனுப்பியவரிடமே கேட்பதுதான் முறை.

'படிக்க மட்டும்' என்று திறந்த அந்த ஒரே ஃபைலில் இருந்தது, திருத்துவதற்கு மட்டும் கேட்கும் பாஸ்வேர்டு. 'ரீட் ஒன்லி' பொத்தானை அழுத்தித் திறந்து, முழுவதையும் காப்பி எடுத்து ஒட்டியதும் அதன் கதை முடிந்தது.

அம்மா பெயருக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

மிச்சம் ஆறு. இவைதான் இரும்புப் பெட்டிகள். 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பூட்டினால், வேர்டு அந்த ஃபைலில் உள்ள எழுத்தையே சங்கேதமாக மாற்றிவிடும். பாஸ்வேர்டுதான் அந்தச் சங்கேதத்தின் சாவி. 2007-ம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்டு இதற்கு ஏ.இ.எஸ். என்ற வலுவான முறையைப் பயன்படுத்துகிறது. போதாததற்கு, ஒவ்வொரு பாஸ்வேர்டையும் சரிபார்க்கும்போது அதை 1 லட்சம் முறை கணக்குப் போட்டுத்தான் முடிவு சொல்லும்படி 2010 பதிப்பிலிருந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அது ஒரு கண் சிமிட்டல். கோடிக்கணக்கில் பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு உடைக்கப் பார்க்கிறவருக்கோ, ஒவ்வொரு முயற்சியிலும் அந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். மறந்த பாஸ்வேர்டை மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது.

பேத்தி உடனே போனில் தேடி, பூட்டிய ஃபைலை அப்லோடு செய்தால் திறந்து தருவதாகச் சொல்லும் நாலைந்து இணையதளங்களைக் காட்டினாள். மகள் வேண்டாம் என்றுவிட்டார். ஊர்க்கதையில் நிலத் தகராறு வருகிறது, பாகப்பிரிவினை வருகிறது, இன்னும் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் வருகின்றன. முகம் தெரியாத யாரிடமோ அதைக் கொண்டுபோய்க் கொடுப்பானேன்? நியாயமான பயம்தான். திருத்தத் தடையை எடுத்துவிட்டுச் சாதித்துவிட்டதாகச் சொல்லும் தளங்களும் உண்டு, பெட்டியைத் திறக்கப் பணம் கட்டச் சொல்பவையும் உண்டு.

ஆக, பாஸ்வேர்டை வீட்டில்தான் தேட வேண்டும். சாரின் மேஜை டிராயரில் ஒரு பழைய டைரி இருந்தது. பால் கணக்கு, மருந்துக் கணக்குக்கு நடுவே மூன்று ஃபைல்களின் எண்ணும், பக்கத்தில் பாஸ்வேர்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தன. மூன்றும் திறந்தன. இன்னும் இரண்டுக்கு எதிரே 'வீட்டம்மா' என்று மட்டும் இருந்தது. கடைசி ஒன்றுக்கு அதுவும் இல்லை.

வீட்டம்மா என்றால் அம்மாவின் பெயர். அது சரி, அந்தப் பெயர் 'ட்சி' என்று முடியும். ஆங்கில எழுத்தில் அதை எப்படி எழுதுவது? 'கே எஸ் எச் ஐ' போடுபவர்கள் உண்டு, 'டி சி எச் ஐ' போடுபவர்கள் உண்டு. நெடிலுக்கு ஓர் எழுத்தா, இரண்டா? முதல் எழுத்து பெரியதா, சின்னதா? வேர்டுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. மகள் ஒரு தாளில் வரிசையாக எழுதி எழுதிப் போட்டுப் பார்த்தார். இருபதைத் தாண்டியும் பெட்டி திறக்கவில்லை.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாதான் சொன்னார்: "எங்கே எழுதினாலும் என் பேரை பேங்க் பாஸ்புக்ல இருக்கிற மாதிரிதான் எழுதணும்பாரு. இல்லாட்டி நாளைக்குப் பென்ஷன்ல தகராறு வரும்னு சொல்லுவாரு."

பீரோவிலிருந்து பாஸ்புக் வந்தது. 'டி சி எச்'தான். அதில் அச்சாகியிருந்ததுபோலவே எல்லாம் பெரிய எழுத்தில் அடித்தார்கள். இரண்டு ஃபைலும் திறந்தன.

ஒட்டியதும் உருமாறிய எழுத்துகள்

இதற்குள் கடையில் வேறொரு கூத்து. பூட்டே இல்லாத அந்த நாலு ஃபைல்கள்தான் சார் முதன்முதலில் டைப் அடித்தவை. பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். பெரிய டாக்குமென்ட்டில் சேர்த்து, புத்தகம் முழுவதற்கும் ஒரே எழுத்துரு கொடுத்ததும் நாலு அத்தியாயமும் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக அலங்கோலமாகிவிட்டன.

பழைய ஃபைல் வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்தைத் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்தின் இடத்தில் வைத்திருந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறிமுறைகளைத் தரப்படுத்தியது. 2010-ல்தான் யூனிகோடு அரசின் தரமாக வந்தது. இடைப்பட்ட காலத்து ஃபைல்களை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பத்திக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றித் தொலைக்கும். சாரின் பள்ளிக்கூட அத்தியாயத்தில் ஆங்கிலத்தில் இருந்த பட்டப்பெயர்கள் எல்லாம் புரியாத தமிழாகிவிட்டன. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. மாற்றுவதை ஒட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று, பக்க எண். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் அந்த அத்தியாயத்தின் பெயர் வர வேண்டும், பக்க எண்ணோ தொடர்ந்து போக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அதற்கு ஒவ்வோர் அத்தியாயத்தையும் சேர்க்கும் முன் 'லேஅவுட்' மெனுவில் 'பிரேக்ஸ்' போய், 'செக்‌ஷன் பிரேக்'கில் 'நெக்ஸ்ட் பேஜ்' கொடுக்க வேண்டும். வெறும் 'பேஜ் பிரேக்' போதாது. பிறகு தலைப்புப் பகுதியை இரண்டு முறை தட்டி, 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை அணைக்க வேண்டும். இதை மறந்தால், கடைசி அத்தியாயத்தில் பெயரை மாற்றும்போது முன்னால் உள்ளவையும் சேர்ந்து மாறிவிடும். கடையில் அப்படித்தான் கொஞ்ச நேரம் புத்தகம் முழுக்க 'கோயில் குளம்' என்றே இருந்தது.

ஸ்டைல் விவகாரமும் உண்டு. 'நார்மல்', 'ஹெட்டிங் 1' என்ற பெயர்கள் எல்லா ஃபைலிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 12 புள்ளி அளவு, இன்னொன்றில் 14. சேர்க்கும்போது பெரும்பாலும் பெரிய டாக்குமென்ட்டின் அளவே எல்லோருக்கும் வந்துவிடும். புத்தகத்துக்கு அது நல்லதுதான். ஒவ்வோர் அத்தியாயத் தலைப்புக்கும் 'ஹெட்டிங் 1' கொடுத்துவிட்டால், பொருளடக்கத்தை வேர்டே தயார் செய்துவிடும்.

'மாஸ்டர் டாக்குமென்ட்' என்றொரு வசதி இருக்கிறதே, ஃபைல்களை ஒட்டாமலே சேர்த்துக் காட்டுமே என்று கேட்கலாம். இருக்கிறது. அதில் ஃபைல் கெட்டுப்போய்த் தலையில் கைவைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 19 அத்தியாயத்துக்கு அந்த ஆபத்து தேவையில்லை. ஃபைல் கனத்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். ஒரு வேர்டு ஃபைல் படங்களோடு சேர்த்து 512 எம்.பி. வரை போகலாம், வெறும் எழுத்து மட்டும் 32 எம்.பி. வரை. சாரின் மொத்த ஊர்க்கதையும் அதில் ஒரு மூலைக்குக் காணாது.

போனிலேயே இதையெல்லாம் செய்துவிட முடியுமா என்றால், படிப்பதற்குப் போன் போதும், ஒட்டி அடுக்கும் வேலைக்குக் கம்ப்யூட்டர்தான் வசதி.

பதினாலாவது அத்தியாயம்

பதினெட்டு அத்தியாயங்கள் ஒன்றாகிவிட்டன. கடைசி வரை திறக்காதது, 14-வது. ஃபைலின் பெயர், 'புயல்'.

1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்து, அன்றைய தஞ்சை மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட புயல் அது. சார் அப்போது முப்பதைத் தாண்டியிருந்த வாத்தியார். அன்று இரவு, குடிசை போனவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தங்கவைத்தவர்களில் அவரும் ஒருவர். ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. அந்த அத்தியாயம் இல்லாமல் புத்தகமா?

அம்மா பெயர், பிள்ளைகள் பெயர், குலதெய்வத்தின் பெயர், பழைய சைக்கிளின் நம்பர் என எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். சாரிடம் கேட்டால் யோசிப்பார், உதடு அசையும், பிறகு கையை விரிப்பார். ஒருநாள் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

வழி வந்தது வேறு பக்கத்திலிருந்து. பூட்டுவதற்கு முன்னால் அந்த ஃபைல் வேறு எங்காவது போயிருக்குமா என்று கேட்டாள் பேத்தி. அச்சகம், உறவினர்கள், பழைய பென் டிரைவ், இமெயில் என்று தேடத் தொடங்கினார்கள். மகளின் பழைய இமெயிலில், சார் எப்போதோ 'படித்துப் பார்த்துச் சொல்' என்று அனுப்பிய ஓர் இணைப்பு இருந்தது. புயல்தான். பூட்டில்லாத முதல் வடிவம். திறந்தால் ஒன்பது பக்கம். பத்தாவது பக்கத்தின் தலையில் 'அன்று பள்ளிக்கூடத்தில் தங்கியவர்கள்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே வெறுமை. பட்டியலை அதற்குப் பிறகுதான் எழுதிச் சேர்த்து, பூட்டியிருக்கிறார்.

"தாத்தா, அன்னிக்கு ஸ்கூல்ல யாரெல்லாம் தங்கினாங்க?"

இது பாஸ்வேர்டு கேள்வி இல்லை. சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் பெயர் வர ஒரு நிமிடம் ஆனது. பிறகு அடுத்தது. வடக்குத் தெருவிலிருந்து ஆரம்பித்து, வீடு வீடாக, யார் கையில் குழந்தை இருந்தது, யார் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது வரை. பேத்தி லேப்டாப்பில் டைப் அடித்துக்கொண்டே வந்தாள். முதல் நாள் சாயங்காலம் இருபத்தாறு பெயர்கள். பேச்சு தளர்ந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் பதினேழு.

ஒட்டிய ஃபைல் அச்சகத்துக்கு பி.டி.எஃப்.பாகப் போனது. வேர்டு வடிவத்தின் மூன்று நகல்கள் மகள், மகன், பேத்தி என மூன்று வீடுகளில் இருக்கின்றன. எதற்கும் பூட்டு இல்லை. பூட்டிய 'புயல்' ஃபைலையும் யாரும் அழிக்கவில்லை. பென் டிரைவில் தனியாக இருக்கிறது. மகள் இப்போதும் எப்போதாவது ஒரு வார்த்தையைப் போட்டுப் பார்க்கிறார்.

அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பட்டியலை வாசித்துக் காட்டினாள் பேத்தி. நாற்பத்துமூன்று பெயர்கள். சார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கீழத்தெரு மருத்துவச்சியை விட்டுட்டீங்களே. அன்னிக்கு ராத்திரி அங்கேயே ஒரு பிரசவம் பார்த்தாளே!"

பேத்தி மறுபடி ஃபைலைத் திறந்தாள்.